அந்த இரும்புப் பட்டையை வைத்தவன் நான்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உன் கல்யாண ஓலையை வாசித்தார்கள். போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சங்கரன்கோவில் சபையைச் சேர்ந்த இன்னாருடைய குமாரன் என்று முதலில் என் பெயரைச் சொல்லி, அப்புறம் உன் பெயரைச் சொல்லி, நாகர்கோவில் சபையைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். என் மருமகளாக வரப்போகிறவளின் பெயரை நான் கேட்டது அப்போதுதான், சபையோடு சபையாக உட்கார்ந்து. இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அவர் முடித்தபோது, பெண்கள் பக்கம் இருந்த உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "என்ன அண்ணாச்சி, மகனுக்குக் கல்யாணம், நாங்க ஓலையிலதான் கேக்கணுமாவே? பொண்ணு வீட்டுக்காரங்க பீரோவ ஒம்ம கடையிலதான் எடுக்கணும்னு கண்டிசன் போட்டுட்டீரா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாபாரிக்குச் சிரிப்பு எப்போதும் கைவசம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், நீ போனில் சொன்னதை உன் அம்மா சொல்லிவிட்டாள். "பேச்சித்தாய் அக்காட்ட அப்பா உண்மையச் சொல்லட்டும். சொல்லிட்டு வரட்டும். இல்லன்னா நீங்க மட்டும் வாங்கம்மா." நான்கு வருடத்தில் நீ எனக்குச் சொல்லி அனுப்பிய ஒரே சேதி இது.

சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னேன். அதை உனக்கு ஒரு போனில் தெரிவித்துவிடலாம். ஆனால் பேச்சித்தாய் எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தை நோட்டீஸாக அச்சடித்து, உனக்கு ஒன்றும் ஊருக்கு மீதியுமாகக் கொடுக்கிறேன். கடைத் திறப்புக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் அடித்த அதே அச்சகம்தான். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ராஜபாளையம் ரோட்டில் இருந்த நம் பீரோ பட்டறையில், பெயிண்டர் முத்துராஜ் செத்துப்போனது, பெயிண்ட் சுடுகிற ஓவன் கதவின் குறுக்கே கிடந்த ஓர் இரும்புப் பட்டையால். அதை அவனே வைத்துக்கொண்டான் என்று போலீஸிடமும் அவன் பெண்டாட்டி பேச்சித்தாயிடமும் கேட்டவர்கள் எல்லாரிடமும் நான் சொன்னேன். வைத்தவன் நான்.

இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தால், எனக்கு அந்த ஓவன் ஞாபகத்துக்கு வரவில்லை. உன் ஆறு வயது ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது கடை சின்னது, நாலு பீரோ வைத்தால் நடக்க இடம் இருக்காது. ஸ்கூல் விட்டு வந்து நீ அங்கேதான் விளையாடுவாய். ஒரு நாள் குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒருவர் மகளுக்குச் சீர் பீரோ பார்க்க வந்தார். ஆள் லேசில் மசிகிறவராக இல்லை. கதவைத் தட்டிப் பார்க்கிறார், தகட்டை நிமிண்டிப் பார்க்கிறார். நான் கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியைத் திருகி, "பாத்துக்கிடுங்க, எறும்பு உள்ள போகாது, காத்து வெளிய வராது" என்றேன். அவருக்குத் திருப்தி. டீ வாங்கி வரச் சொல்லி, இருவரும் குடித்து, கலர் எல்லாம் பேசி முடித்தோம். அதற்கப்புறம்தான் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. துணி மாட்டுகிற பக்கத்தில் நீ ஒளிந்து உட்கார்ந்திருந்திருக்கிறாய். திறந்தபோது உன் முகம் முழுக்க வேர்வை, கண் மட்டும் பெரிதாக. பீரோ கதவுக்கு வெளியே கைப்பிடி உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. கைப்பிடியைத் திருகினால் மேலும் கீழும் ஓடிக் கவ்வுகிற கம்பியை உள்ளேயிருந்து ஆறு வயதுப் பிள்ளை என்ன, அறுபது வயது ஆளே அசைக்க முடியாது.

நான் உன்னைத் தூக்கி அணைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் ஓங்கி ஓர் அறை கொடுத்தேன். சாயங்காலம் உன் அம்மா உன் கன்னத்தைப் பார்த்துக் கேட்டபோது, "பீரோவுக்குள்ள போயி அவனே பூட்டிக்கிட்டான், வேற என்ன செய்யச் சொல்லுத" என்றேன். நீ என்னையே பார்த்தாய். உள்ளேயிருந்து பூட்ட முடியாது என்பது ஆறு வயதில் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பொய் செல்லுபடியானது. ஒரு சரக்கு ஒரு தடவை விற்றுவிட்டால் வியாபாரி அதை மறுபடி வாங்கி வைப்பான். நானும் வைத்தேன்.

எனக்கு யாரும் எடுத்துக் கொடுத்து நான் மேலே வரவில்லை, உனக்குத் தெரியும். இளையரசனேந்தல் பக்கம் வானம் பார்த்த பூமியில் எங்கள் அப்பாவுக்கு விளைந்ததைவிடக் காய்ந்தது அதிகம். நான் ஒன்பதாம் வகுப்போடு வெல்டிங் பட்டறையில் போய் நின்றேன். ஜன்னல் கம்பி, கேட்டு, கட்டில் கால் என்று பற்றவைத்துப் பற்றவைத்து, அப்புறம் சொந்தமாகக் கடை, அப்புறம் பட்டறை. என் படிப்பு எல்லாம் வாங்க வருகிறவன் முகத்தில்தான். உன்னைப் பாளையங்கோட்டையில் படிக்க வைத்தேன், எஞ்சினியர் ஆக்கினேன், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீ படித்து வந்து ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

நாம் பவுடர் கோட்டிங் ஓவன் போட்டது உன் யோசனை. பிரஷ் பெயிண்டைவிட நன்றாக நிற்கும் என்றாய், நின்றது. இரண்டு பீரோவை நிற்க வைக்கிற அளவு தகட்டு அறை. பவுடர் தூவிய பீரோவை உள்ளே தள்ளி, கேஸ் பர்னரைப் பற்றவைத்துச் சுட்டால், பவுடர் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியும். அதன் இரட்டைக் கதவுக்கு நீ கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாதிரி ஸ்பிரிங் கொண்டி வாங்கி வந்தாய். மூடினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். வெளியிலிருந்து கையால் இழுத்தால் திறக்கும். உள்ளே அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போனாலும் தானாக விட்டுவிடும். பர்னர் அணைந்து கேஸ் உள்ளே சேர்ந்து, தெரியாமல் யாராவது பற்றவைத்துவிட்டால், கதவு படீரென்று திறந்து வேகம் முன்பக்கம் போய்விடும், ஓவன் வெடிக்காது என்றாய். கதவுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டாய். பர்னரைப் பற்றவைக்கிறவன் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும் என்று முத்துராஜை நிற்க வைத்துப் பழக்கினாய். பருத்தி நிறுக்கிற ஸ்பிரிங் தராசைக் கொண்டியில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் விடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருகாணியை முடுக்கினாய். கதவில் சிவப்புப் பெயிண்டில் 'பூட்டக் கூடாது' என்று உன் கையால் எழுதினாய்.

"தொட்டாத் தொறக்குத கொண்டிய எவம்லே காசு கொடுத்து வாங்குவான்?" என்று கேட்டேன். "அப்பா, அது விட்டுக்கொடுக்கும்னுதான் அத வாங்குதோம்" என்றாய். அப்புறம் பர்னர் பற்றவைக்காத ஓவனுக்குள் நீயே போய் நின்றுகொண்டு முத்துராஜைக் கதவை மூடச் சொன்னாய். உள்ளேயிருந்து உள்ளங்கையால் ஒரு தள்ளு. கதவு திறந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். மறுபடி உள்ளே போனாய், மறுபடி மூடச் சொன்னாய், மறுபடி தள்ளிக்கொண்டு வந்தாய். மூன்று தடவை. "என்ன தம்பி, சின்னப்பிள்ள மாதிரி" என்று முத்துராஜ்கூடக் கேலி செய்தான். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நீ இந்த ஊரில் இல்லை.

ஆடி முடியப்போகிற நேரம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆர்டர் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். மலைப்பக்கக் காற்று பட்டறைக்குள் புகுந்து செம்மண்ணை அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. பர்னர் பற்றும்போது லேசாக ஓர் உதை உதைக்கும் இல்லையா, அந்த உதையில் கொண்டி விட்டுவிட்டுக் கதவு கொஞ்சம் திறந்துகொள்ளும். முத்துராஜ் ஓடிப்போய் மூடுவதற்குள் தூசி உள்ளே போய் உருகுகிற பவுடரில் ஒட்டிக்கொள்ளும். சுட்டு வெளியே எடுத்தால் கதவெல்லாம் புள்ளி. சீர் பீரோவில் புள்ளி இருந்தால் பெண் வீட்டார் தொட மாட்டார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு தாய்மாமன் லோடு வண்டியில் பீரோவைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார். "அண்ணாச்சி, இத நான் சபையில வச்சேன்னா, மாப்ள வீட்டுக்காரன் பீரோவப் பாத்துட்டுப் பொண்ணையும் அப்படித்தான் பாப்பான். என் தங்கச்சி மகளுக்குப் புள்ளி வச்ச சீரா?" பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் இன்னொரு பீரோ திரும்பி வந்தது.

நீ அப்போது கோயம்புத்தூர் போயிருந்தாய், பர்னர் தானாக அணைந்தால் கேஸை நிறுத்துகிற வால்வு பார்க்க. ஒரு வாரம் பொறுத்திருந்தால் நீ வந்து கொண்டியைச் சரியாக முடுக்கியிருப்பாய். இல்லையென்றால் காற்று வருகிற பக்கம் ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தாலும் போதும். எனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வெல்டிங். கதவின் இரு பக்கமும் கொக்கி வைத்து, குறுக்கே ஒரு தடித்த பட்டையைப் போட்டுவிட்டால் கதவு அசையாது. எலெக்ட்ரோடை நானே எடுத்தேன். வெல்டிங் ஆள் அன்றைக்கு வரவில்லை.

முத்துராஜ் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி, தம்பி பாத்தாவன்னா சத்தம் போடுவாவ. பூட்டக் கூடாதுன்னு எழுதில்லா வச்சிருக்காவ."

"எழுதினவன் கோயம்புத்தூர்ல இருக்கான். பீரோவத் திருப்பி அனுப்புனவன் வாசுதேவநல்லூர்ல இருக்கான். எவம்லே பக்கத்துல இருக்கான்?"

அவன் சிரித்துவிட்டான். "ஒங்ககிட்ட பேசி செயிக்க முடியுமா?"

செயித்தேன். மூன்று நாள் ஒரு புள்ளி இல்லை. நாலாம் நாள் மத்தியானம் நான் கடையில் இருந்தேன். சிலிண்டர் தீர்ந்து பர்னர் அணைந்திருக்கிறது. புது சிலிண்டரை மாட்டிய முத்துராஜ், பர்னர் வால்வு திறந்தே இருந்ததைக் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் கேஸ் உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பற்றவைத்தான். முன்கதவு திறந்திருந்தால் அந்த வேகம் மஞ்சள் கோட்டைத் தாண்டி வாசலுக்குப் போயிருக்கும். கதவை என் பட்டை பிடித்து வைத்திருந்ததால் அது பக்கவாட்டுத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. முத்துராஜ் பக்கவாட்டில் நின்றான், நீ எங்கே நிற்கச் சொன்னாயோ அங்கேயே. நீ சொல்லிக்கொடுத்த எதையும் அவன் மீறவில்லை மக்கா. இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. உனக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு நாள் இருந்தான். முதல் நாள் சாயங்காலம் பட்டறையில் போலீஸ்காரர் கேட்டார், "கதவுல இந்தப் பட்டைய போட்டது யாரு?" நான் ஒரு மூச்சு விட்டேன். "அவன்தான் சார். வேண்டாம்னு சொன்னேன், கேக்கல." அவ்வளவுதான். அவன் அப்போது உயிரோடு இருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் பேசுகிற நிலையில் அவன் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பேச்சித்தாய் என் காலடியில் உட்கார்ந்து அழுதபோது அதையே அவளிடமும் சொன்னேன். "ஒம் புருசன் அவசரப்பட்டுட்டான் தாயி."

உன் எதிர்காலத்துக்காகச் சொன்னேன், கடையை நம்பியிருக்கிற ஏழெட்டுக் குடும்பத்துக்காகச் சொன்னேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்துதான் சொன்னேன். ஜெயிலுக்குப் பயந்தேன், அதைவிட அதிகமாக, கடை வாசலில் ஜனங்கள் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்வதற்குப் பயந்தேன்.

நீ வந்து, கிழிந்த ஓவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இடது கைக்காரன். என் வெல்டிங் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். சின்ன வயதில் நீ ஊரில் எந்த கேட்டைப் பார்த்தாலும் விரலால் தடவி, இது எங்கப்பா பற்றவைத்தது என்று கண்டுபிடிப்பாய். முத்துராஜுக்கு வெல்டிங் பிடிக்கவே தெரியாது. கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஒங்க கை" என்றாய். "வாய மூடு" என்றேன். "பீரோவுக்குள்ள நானே பூட்டிக்கிட்டேன்னு அம்மாட்ட சொன்னீங்களே, அதே மாதிரியா?" என்று கேட்டாய். இருபது வருடம் கழித்து. அப்போதும் என் கை ஓங்கியது. அடிக்கவில்லை, ஆனால் ஓங்கியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நீ ஓசூருக்குப் போனாய்.

நீ போன பிறகு நான் செய்தது அதைவிட மோசம். பேச்சித்தாய்க்குக் கடையில் வேலை கொடுத்தேன். பீரோக்களைத் துடைப்பது, வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது. அவள் மகளின் படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டேன். தன் பேச்சைக் கேட்காமல் செத்தவன் குடும்பத்தையும் தாங்குகிற மனுசன் என்று ஊர் சொன்னது. நான்கு வருடம் அவள் ஒவ்வொரு நாளும் காலையில், "கும்பிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் துணியைக் கையில் எடுப்பாள். அந்தக் கும்பிடை நான் தினமும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடையில் வேறு யாரும் இல்லை. அவள் கண்ணாடி வைத்த பீரோக்களை வரிசையாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏழெட்டுக் கண்ணாடியிலும் நான் உட்கார்ந்திருந்தேன்.

"பேச்சி, அந்தத் துணியக் கீழ வையி. ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன அண்ணாச்சி, தம்பி கல்யாணத்துக்கு லீவு கெடையாதுன்னு சொல்லப் போறீயளா? நான் போவேன், இப்பமே சொல்லிட்டேன். தம்பி எனக்கே போன் பண்ணிக் கூப்புட்டாவ."

"ஓவன் கதவுல கெடந்துச்சுல்லா, அந்தப் பட்டைய வச்சது நான்."

"எந்தப் பட்ட?"

"முத்துராஜ் வைக்கல. நான் வச்சேன். அவன் வேண்டாம்னு சொன்னான். நான்தான் கேக்கல."

அவள் திரும்பி, பாதியில் விட்ட கண்ணாடியை முழுக்கத் துடைத்து முடித்தாள். மூலையில் இருந்த ஒரு கறையை நகத்தால் சுரண்டினாள். நான் எதிர்பார்த்தது கூப்பாடு, மண்ணை வாரித் தூற்றுவது. அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். அவள் குரலே உயரவில்லை.

"நாலு வருசமா நான் அந்த மனுசன ஏசிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. வெளக்கு வைக்கையில தெனமும் ஏசுவேன். 'அண்ணாச்சி வேண்டாம்னு சொன்னாவள்லா, ஏம்யா கேக்கல'ன்னு. பிள்ளைக்குக் காச்சல்னா அவரத்தான் ஏசுவேன். வீடு ஒழுகுச்சுன்னா அவரத்தான் ஏசுவேன். ஒரு நாளாவது அந்தப் படத்துக்கு முன்னால நின்னு ஒழுங்கா அழுததில்ல. கோவந்தான் வரும். இப்ப அத நான் எப்படித் திருப்பி எடுக்க? எங்கன போயி எடுக்க, சொல்லுங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

"எம் மகட்ட சொல்லி வச்சிருக்கேன், ஒங்கப்பன் சொல்லுதத கேக்காத ஆளு, அதான் செத்தான், நீயாவது சொன்னத கேளுன்னு. அவ அதக் கேட்டுக்கேட்டு, இப்பம் அப்பா பேச்சயே எடுக்கிறதில்ல." பிறகு துணியை மடித்து பீரோ மேல் வைத்தாள். "என்ட்ட மட்டும் சொல்லிட்டுப் போனீயன்னா, இது நமக்குள்ள வச்சுக்கிடுத விசயமா ஆயிரும். அன்னைக்கு எத்தன பேர்ட்ட சொன்னீயளோ, அத்தன பேர்ட்டயும் சொல்லுங்க. மொதல்ல எம் மகட்ட." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவள் எனக்குக் கும்பிடு சொல்லவில்லை, அதற்கப்புறம் கடைக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். முடித்ததும், "எங்கப்பா வேண்டாம்னு சொன்னாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்ன வார்த்த சொன்னாங்க?" என்றாள். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். திருப்பிச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். செத்துப்போன தகப்பனின் பேச்சு ஒன்று அவளிடமிருந்து இத்தனை நாள் என் வாய்க்குள் இருந்திருக்கிறது.

மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்த அதிகாரிக்குப் பழைய கோப்பைத் தேடி எடுக்கவே அரை நாள் ஆனது. "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் வந்தீங்க?" என்றார். "ஆலயத்துல என்னை ஒருத்தனுக்குத் தகப்பன்னு வாசிச்சாங்க சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊரை விட்டுப் போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போகும்படியும், கூப்பிடும்போது வரும்படியும் சொன்னார். வியாபாரிகள் சங்கத்தில் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர், "அண்ணாச்சி, முடிஞ்சு போனத எதுக்குவே கிண்டுதீரு, சும்மா இரும்" என்றார். யாருக்கு முடிந்து போனது என்று அவரிடம் கேட்டேன்.

உன் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அவன் ஓசூருக்குப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும். பீரோ வெசயமும் தெரியும். உள்ள இருந்து பூட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." எத்தனை வருடம் இருந்திருக்கிறாள் பார். அவளும் சும்மா இருந்தாள் என்று குறையாகச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

கல்யாணமாகிப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தி கொஞ்சம்தான், அதுவும் அடிபட்டு வாங்கியது. அந்தப் பெண் உன்னிடம், இதை நீ செய்தாயா என்று எதையாவது கேட்டால், மூச்சு விடுவதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிடு. அந்த ஒரு மூச்சுக்குள்தான் பொய் தயாராகிறது. பிள்ளை பிறந்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், தப்பு உன்னுடையது என்றால் அதனிடம் மன்னிப்புக் கேள். முதல் தடவை கேட்காதவனுக்கு அப்புறம் வாய் வராது, கைதான் ஓங்கும். உன் கீழே வேலை செய்கிறவன், வேண்டாம் என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சிரித்தால், அவன் ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் பேச முடியாது என்று தெரிந்துதான் சிரிக்கிறான். தொழிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அதில் நீதான் சரி, நான் தப்பு. அதையும் அச்சில் போட்டுவிட்டேன்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய பட்டியல் நீளம். அறைந்ததற்கு, பூட்டியதற்கு, நீயே பூட்டிக்கொண்டாய் என்றதற்கு, உன் எழுத்துக்கு மேலேயே பட்டையை வைத்ததற்கு, நீ அண்ணனாக நினைத்த ஒருவனைக் கொன்றுவிட்டு, அதை நீ கண்டுபிடித்துச் சொன்னபோது வாயை மூடச் சொன்னதற்கு. ஒன்றையும் தள்ளுபடி செய்யும்படி கேட்கவில்லை. பேச்சித்தாய் கல்யாணத்துக்கு வந்தால் அவளை நம் வீட்டு ஆட்களோடு முன்வரிசையில் உட்கார வை. வராவிட்டால் ஏன் என்று கேட்காதே.

நான் வருவதைப் பற்றி. சொல்லிவிட்டு வரட்டும் என்றாய். சொல்லிவிட்டேன், ஆகவே வருகிறேன் என்று கிளம்பி வந்து நிற்க என்னால் முடியவில்லை. அப்படி வந்தால், இதையும் ஒரு விலை பேசி வாங்கினவனாக ஆகிவிடுவேன். அதனால் நான் வரவில்லை என்று நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற பெட்டியில் என் வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் மடித்து வைத்தாள். நான் எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். இன்று காலையில் பார்த்தால் மறுபடியும் பெட்டிக்குள் இருக்கிறது. அவளிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. எடுத்துவிடுங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவேன். நீ ஒன்றும் சொல்லாவிட்டாலும் எடுத்துவிடுவேன். அது இருக்கட்டும் என்று நீ சொன்னால் மட்டும், எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை மக்கா.

உன் அப்பா